லெப்டொப்பில் ஒழுங்காக இருந்த காமன் கூத்துத் தளம் சேர்வரில் ஏற்றியதும் குழம்பிவிட்டது, பாட்டெல்லாம் கேள்விக்குறி

நோர்வூட் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆடும், மன்மதன் ரதி கதையான காமன் கூத்தின் பாட்டுகள், படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு தளம் செய்திருக்கிறேன். பாடசாலை விட்டு வந்து இரவில் உட்கார்ந்து செய்தது. கோட் பிஎச்பியில் எழுதியது, பாட்டுகள் இருப்பது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில். விண்டோஸ் லெப்டொப்பையே சேர்வர் போல ஓட்டும் எக்சாம்ப் மென்பொருளைப் போட்டு ஓடவைத்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பாட்டுக்கார ஐயாமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தாங்கள் வாயால் பாடியதை எழுத்தில் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்.

அப்புறம் ஹோஸ்டிங்கும் டொமைனும் வாங்கி, பைல்சில்லாவில் கோப்புகளை ஏற்றினேன். டேட்டாபேஸை, அதைத் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்து அங்கே இம்போர்ட் செய்தேன். பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் தளத்தைத் திறந்தால் ஒன்றுமே சரியில்லை.

முகப்பில் ஒவ்வொரு பாட்டின் முதல் இரண்டு அடி தெரியும்படி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிதான். ரதி புலம்பல், தூது, வீரபத்திரன் வருகை எல்லாமே அப்படித்தான். ஆனால் ஏற்றிய பிறகு நிர்வாகப் பக்கத்தில் போய்ப் புதிதாக அடித்துச் சேர்த்த மூன்று பாட்டு மட்டும் அழகான தமிழில் தெரிகிறது. இது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

முகப்பைத் தவிர வேறு எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறது. போனில் எடுத்த படங்கள் தெரிகின்றன, தம்பியின் கெமராவில் எடுத்தவை தெரியவில்லை. இரவு கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே விடியற்காலையில் ஒரு படத்தைப் போட்டுச் சோதித்தேன், முதல்நாள் திகதி விழுந்தது. ஒலிப்பதிவை ஏற்றினால் படிவம் வெறுமையாகத் திரும்புகிறது, என்ன குறை என்றும் சொல்வதில்லை. பெரியவர்கள் போனிலேயே பாடிப் பதிய ஒரு மைக் பொத்தான் வைத்திருந்தேன், அதுவும் அசைவதில்லை.

ஹோஸ்டிங் கொடுத்தவர்களிடம் கேட்டால் "சேர்வர் நன்றாக ஓடுகிறது, உங்கள் கோடைப் பாருங்கள்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேள்விக்குறியாகக் கிடக்கும் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்தும் பக்கத்தில் திறந்து, மறுபடி அடித்துச் சேமிக்கலாமா என்று யோசிக்கிறேன். மாசி அமாவாசை கழிந்து, கூத்துத் தொடங்கக் கம்பம் ஊன்றுவதற்குள் தளம் ஓட வேண்டும். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு லீவு கிடைக்காது, அவர்கள் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவும். பாட்டுக்காரர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.


கொட்டகலைக்காரன் எழுதியது:

டீச்சர், படத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

கெமராவில் இருந்து வரும் கோப்புப் பெயரின் வால், அந்த ஜேபிஜி என்ற மூன்று எழுத்து, பெரிய எழுத்தில் இருக்கும். போன் படத்தில் சின்ன எழுத்து. உங்கள் கோடில் எல்லாவற்றுக்கும் சின்ன எழுத்து என்று எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். சேர்வரில் ஓடுவது லினக்ஸ், அதற்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு பெயர். கோப்பு அங்கேயே இருக்கும், ஆனாலும் இல்லை என்று சொல்லும்.

எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள். பெயரில் இடைவெளி வேண்டாம், அந்த இடத்தில் சின்னக் கோட்டுக்குறி (-) போடுங்கள். ஒலிக்கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் அதையும் ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் மாற்றிவிடுங்கள். தமிழ்ப் பெயர் ஓடவே ஓடாது என்றில்லை. ஆனால் ஜிப் பண்ணி, ஏற்றி, பிரித்து, பேக்கப் எடுத்து என்று கை மாறும்போது எங்காவது ஓரிடத்தில் பெயர் சிதைந்துவிடும். பாட்டின் தமிழ்த் தலைப்பு டேட்டாபேஸில் இருந்தால் போதும்.

மாற்றிய பிறகு கன்ட்ரோல் எஃப்5 அடித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.


ஊவாக்காற்று எழுதியது:

டீச்சர், முதலில் ஒன்று. கேள்விக்குறியாகத் தெரியும் எந்தப் பாட்டையும் திருத்தும் பக்கத்தில் திறந்து சேமிக்காதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரை நிர்வாகப் பக்கத்துக்கே போக வேண்டாம். உங்கள் பாட்டுகள் அழியவில்லை என்று நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்தே சொல்ல முடிகிறது. ஆனால் கேள்விக்குறி தெரியும் படிவத்தில் சேமி என்று அழுத்தினால், அந்தக் கேள்விக்குறியே டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு சேர்வரில் இருக்கும் அந்தப் பாட்டை யாராலும் மீட்க முடியாது.

இரண்டாவது, பேக்கப். லெப்டொப்பில் இருக்கும் டேட்டாபேஸை ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போடுங்கள். சேர்வரில் இப்போது இருப்பதையும் அப்படியே எக்ஸ்போர்ட் செய்து வேறு பெயரில் வையுங்கள். இரண்டும் வேண்டும், ஏனென்றால் புதிய மூன்று பாட்டு சேர்வரில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பிரதி உங்கள் வீட்டில் இல்லாத இன்னொருவரிடமும் இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏற்றிய பாட்டு கேள்விக்குறி, அங்கே போய் அடித்த பாட்டு நல்ல தமிழ். இந்த ஒரு வரியில் நோய் முழுவதும் இருக்கிறது, அதைக் கவனித்து எழுதியதற்கு நன்றி. ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து பாட்டு டேபிளைப் பாருங்கள். பார்க்க மட்டும் செய்யுங்கள். தளத்தில் கேள்விக்குறியாக வரும் பழைய பாட்டுகள் அங்கே சுத்தமான தமிழில் இருக்கும். தளத்தில் அழகாகத் தெரியும் மூன்று பாட்டும் அங்கே மேலே கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வேறு குறிகளுமாகக் குப்பையாக இருக்கும். இப்படித் தலைகீழாகத் தெரிந்தால் நான் சொல்வதுதான் காரணம்.

டேட்டாபேஸில் எழுத்து சேமிக்கப்படும் முறை ஒன்று. பிஎச்பியும் டேட்டாபேஸும் பேசிக்கொள்ளும் முறை இன்னொன்று. உங்கள் டேபிள், எல்லா மொழி எழுத்தும் கொள்ளும் யூடிஎஃப்8எம்பி4 முறையில் இருக்கிறது, இம்போர்ட்டும் சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் கோடில் இணைப்பைத் திறக்கும் இடத்தில், எந்த முறையில் பேசுவது என்று நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள். சொல்லாவிட்டால் சேர்வரின் இயல்பு எதுவோ அதுதான். எக்சாம்பில் அந்த இயல்பு யூடிஎஃப்8எம்பி4. மைஎஸ்கியூஎல் 8.0 முதல் அதற்கும் அப்படித்தான். 5.7இலும், மைஎஸ்கியூஎல்லில் இருந்து பிரிந்த மரியாடிபியின் பழைய பதிப்புகளிலும் இயல்பு லத்தீன்1. உங்களுக்குக் கிடைத்த சேர்வர் அந்த இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். லத்தீன்1இல் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அதனால் பழைய பாட்டை எடுத்துக் கொடுக்கும்போது டேட்டாபேஸ் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைக் கொடுக்கிறது. உள்ளே பாட்டு பத்திரமாக இருக்கிறது, வெளியே வரும்போதுதான் கேள்விக்குறி.

புதிதாக அடித்தவை எப்படி நன்றாகத் தெரிகின்றன? யூடிஎஃப்8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். டேட்டாபேஸ் அந்த மூன்று பைட்டையும் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்து என்று நினைத்துச் சேமித்துவிட்டது. திருப்பிக் கேட்கும்போது அதே தப்பான வழியில் அதே மூன்று பைட்டும் வருகிறது, பிரவுசர் அதைத் தமிழாகக் காட்டுகிறது. உள்ளே இருப்பது குப்பை, வெளியே தெரிவது தமிழ். இப்படி மாதக்கணக்கில் ஓடும் தளங்கள் இருக்கின்றன, யாருக்கும் தெரிவதில்லை. பேக்கப்பை வேறு சேர்வரில் போடும் அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வரும்.

திருத்தம் ஒரே வரி. டேட்டாபேஸ் இணைப்பைத் திறக்கும் கட்டளைக்கு அடுத்த வரியில், எழுத்து முறையைச் சொல்லும் செட் சார்செட் கட்டளையைப் போட்டு அதற்கு யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள். பிடிஓ என்ற இணைப்பு முறையைப் பாவித்திருந்தால் இணைப்புச் சரத்திலேயே சார்செட் என்று சேர்க்க வேண்டும். வெறும் யூடிஎஃப்8 என்று போடாதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பழைய பெயர் மூன்று பைட்வரை மட்டும்தான் கொள்ளும். தமிழுக்கு அது போதும், ஆனால் யாராவது கருத்தில் ஒரு இமோஜி போட்டால் அது நான்கு பைட். இந்த வரியைப் போட்டதும் பழைய பாட்டெல்லாம் தமிழாகிவிடும், புதிய மூன்றும் குப்பையாகத் தெரியும். பயப்படாதீர்கள், அது எதிர்பார்த்ததுதான். அப்படி ஆனதும் இங்கே வந்து சொல்லுங்கள்.

எனக்கு இதில் ஒரு எண்ணம் உண்டு டீச்சர். பண்டாரவளை, எல்லப் பக்கம் சின்னக் கடைகளுக்கும் தங்குமிடங்களுக்கும் தளம் பார்த்துக்கொடுப்பது என் வேலை, அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. ஏற்றியதும் உடைந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏற்றும்போது ஒன்றும் உடைவதில்லை. அந்தக் குறை லெப்டொப்பில் இருக்கும்போதே இருந்தது, லெப்டொப் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பிள்ளை தப்பாக எழுதியதைச் சொந்தத் தாய் சரியாக வாசித்துவிடுவாள், பரீட்சை திருத்துபவர் வாசிக்கமாட்டார். கொட்டகலைத் தம்பி சொன்ன பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரமும் இதே சாதிதான். ஆகவே என்ன உடைந்தது என்று தேடாதீர்கள். என் லெப்டொப் எதையெல்லாம் எனக்காகப் பார்த்துக்கொண்டது என்று தேடுங்கள், ஒவ்வொன்றாகக் கிடைத்துவிடும்.

404க்கு வருவோம். லெப்டொப்பில் உங்கள் தளம் லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது லெப்டொப்பின் சொந்த முகவரிக்குக் கீழே ஒரு போல்டரில் இருந்தது. இப்போது டொமைனின் தலைவாசலிலேயே இருக்கிறது. எச்டிஅக்சஸ் என்ற கோப்பில் ரீரைட்பேஸ் என்று ஒரு வரி இருக்கும், அதில் பழைய போல்டர் பெயர் இன்னும் இருக்கும். அதை எடுத்துவிட்டு வெறும் சாய்கோடு மட்டும் வையுங்கள். அந்தக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் கன்ட்ரோல் பேனலின் பைல் மனேஜரில் மறைந்திருக்கும். செட்டிங்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதை டிக் செய்தால் தெரியும். கோப்பே அங்கே இல்லையென்றால் ஏற்றும்போது விடுபட்டிருக்கிறது, லெப்டொப்பில் இருந்து மறுபடி ஏற்றுங்கள்.

அப்படியே கோட் முழுவதிலும் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லைத் தேடுங்கள். எங்காவது ஒரு இணைப்போ ஸ்டைல் கோப்போ இன்னும் அதைச் சுட்டிக்கொண்டிருந்தால், அது உங்கள் லெப்டொப்பில் மட்டும் வேலை செய்யும், ஏனென்றால் அங்கே எக்சாம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற எல்லோருக்கும் உடைந்திருக்கும். சோதிக்கும்போது எக்சாம்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, வேறொருவரின் போனில் பார்ப்பது.

திகதி. நீங்கள் பதியும் நேரத்தை மைஎஸ்கியூஎல்லே போடும்படி விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லெப்டொப்பில் அது விண்டோஸ் கடிகாரத்தை எடுத்தது. சேர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இலங்கை நேரம் 2006 ஏப்ரலில் இருந்து யூடிசிக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆக நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் நீங்கள் எதைப் போட்டாலும் முதல்நாள் திகதிதான் விழும். கூத்து நடப்பதே அந்த நேரத்தில்தானே, உங்களுக்கு இது கட்டாயம் திருத்தவேண்டியது. எல்லவில் ஒரு தங்குமிடத்தில் இதே பிரச்சினையால் அறைப் பதிவு ஒருநாள் தள்ளி விழுந்து, பயணிகள் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். இணைப்பைத் திறந்ததும், சார்செட் வரிக்குக் கீழே, டைம் சோன் என்பதைக் கூட்டல் 05:30 என்று செட் பண்ணுங்கள். ஊர்ப்பெயரில் கொடுத்தால் சில சேர்வர்களில் அந்தப் பட்டியலே ஏற்றப்பட்டிருக்காது, எண்ணாகக் கொடுத்தால் எங்கும் வேலை செய்யும். பிஎச்பிக்குத் தனியாக டைம்சோன் உண்டு, அங்கே ஆசியா, கொழும்பு என்று கொடுக்க வேண்டும். எக்சாம்பில் அது பெர்லின் என்றே வருகிறது. நீங்கள் பிஎச்பியின் திகதியைப் பாவித்திருந்தால் லெப்டொப்பிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். டேபிளில் அந்தக் கட்டம் டைம்ஸ்டாம்ப் வகை என்றால் ஏற்கெனவே தப்பாக விழுந்தவையும் தானாகச் சரியாகும். டேட்டைம் என்றால் கையால் திருத்த வேண்டும்.

ஒலிப்பதிவு வெறுமையாகத் திரும்புவதற்குக் காரணம் அளவு. பிஎச்பியின் இயல்பில் ஒரு கோப்பு 2 எம்பிக்கு மேல் ஏறாது, ஒரு படிவம் மொத்தமாக 8 எம்பிக்கு மேல் போகக்கூடாது. இரண்டாவது எல்லையைத் தாண்டினால் பிஎச்பி மொத்தப் படிவத்தையும் எறிந்துவிடும், உங்கள் கோடுக்குத் தலைப்புக்கூட வந்து சேராது. பிழைச்செய்தி வராததற்கு அதுதான் காரணம். எக்சாம்பில் இந்த எல்லைகளைப் பெரிதாக வைத்திருப்பார்கள். கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி அமைப்புகளில் அப்லோட் மெக்ஸ் பைல்சைஸ், போஸ்ட் மெக்ஸ் சைஸ் இரண்டையும் கூட்டுங்கள், இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக இருக்கட்டும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். வேவ் கோப்பாகப் பதிந்திருந்தால் ஒரு நிமிடத்துக்கு 10 எம்பி அளவில் போகும். நோர்வூட்டில் லயத்துக்குள் சிக்னல் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும், ரோட்டு வளைவுக்கு வந்து நின்று கேட்கும் பிள்ளையின் டேட்டாவை அது தின்றுவிடும். மூலப் பதிவை அப்படியே ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், அது பொக்கிஷம். தளத்துக்கு எம்பி3 ஆக்கிப் போடுங்கள். வெறும் பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ போதும். உங்களுக்குத் தப்பு மேளத்தின் சத்தமும் தெளிவாகக் கேட்க வேண்டும், அதனால் 96 வையுங்கள். நிமிடத்துக்கு 720 கேபி, பத்து நிமிடப் பாட்டு 7 எம்பி சொச்சம்தான் வரும்.

மைக் பொத்தானுக்கு எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டுப் போட்ட பாதுகாப்பான இணைப்பு வேண்டும். பூட்டு இல்லாத தளத்துக்குப் பிரவுசர் மைக்கைக் கொடுக்காது. லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விதிவிலக்கு, அதனால்தான் லெப்டொப்பில் வேலை செய்தது. அந்தப் பூட்டுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், கன்ட்ரோல் பேனலிலேயே போடலாம். இதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இனி எது வந்தாலும் முதலில் எரர் லொக் என்ற பிழைப் பதிவுக் கோப்பைத் திறந்து கடைசி வரிகளை வாசியுங்கள். சேர்வரில் பிழைகளைத் திரையில் காட்டாமல் மறைத்து வைப்பது வழக்கம், ஆனால் அந்தக் கோப்பில் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று எழுதியிருக்கும். அந்த வரியை இங்கே ஒட்டினால் ஊகிக்காமல் பதில் சொல்ல முடியும். பாஸ்வேர்ட் தெரிந்தால் மட்டும் அழித்துவிட்டு ஒட்டுங்கள்.


நோர்வூட் டீச்சர் எழுதியது:

அண்ணே, கை எடுத்துக் கும்பிடுகிறேன். பிஎச்பிமைஅட்மினில் நீங்கள் சொன்ன மாதிரியே தலைகீழாகத்தான் இருந்தது. பேக்கப் இரண்டும் எடுத்து, ஒன்றை ஹட்டனில் இருக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டு, பிறகுதான் அந்த வரியைப் போட்டேன். ரதி புலம்பல் முழுவதும் ஓர் எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது. 404 போய்விட்டது, ரீரைட்பேஸ்தான். கொட்டகலைத் தம்பி சொன்னபடி பெயர்களை மாற்றியதும் கெமராப் படங்களும் வந்துவிட்டன.

புதிய மூன்று பாட்டும் இப்போது குப்பை. அதற்கு என்ன செய்வது?

இன்னொரு விஷயமும் தலைகாட்டுகிறது. "கூத்து வந்த வரலாறு" என்று ஒரு பக்கம். எங்கள் தோட்டத்துப் பழைய வாத்தியார் முன்னொரு காலத்தில் வேர்டில் அடித்து வைத்திருந்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன். என் லெப்டொப்பில் தமிழ். டவுனில் கொமியூனிகேஷன் கடைக் கம்ப்யூட்டரிலும் பார்த்தேன், அங்கேயும் தமிழ். ஆனால் எந்தப் போனில் பார்த்தாலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு கலவை. சார்செட் வரியைப் போட்ட பிறகும் இது மாறவில்லை. இதுவும் டேட்டாபேஸ் பிரச்சினையா?


அச்சகத்து அக்கா எழுதியது:

தங்கச்சி, அது டேட்டாபேஸ் இல்லை, பாமினி என்ற பழைய எழுத்துரு. நான் ஹட்டனில் அச்சகத்தில் டைப்செட்டிங் பார்த்தவள், கல்யாணக் கார்டு முதல் மரண அறிவித்தல் வரை அந்த எழுத்தில்தான் அடித்தோம். இலங்கையில் அந்தக் காலத்தில் எந்தத் தமிழ்க் கோப்பை எடுத்தாலும் பாதிக்கு மேல் அதுதான்.

பாமினியில் அடித்த கோப்புக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. அம்மா என்று அடித்தால் உள்ளே இருப்பது ஆங்கிலச் சின்ன எழுத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். இந்த ஐந்தையும் அம்மா போலக் காட்டுவது அந்த எழுத்துரு மட்டும்தான். உங்கள் லெப்டொப்பில் வாத்தியாரின் கோப்பைப் பார்க்க எப்போதோ பாமினியைப் போட்டிருப்பீர்கள். கொமியூனிகேஷன் கடையில் கட்டாயம் இருக்கும், அவர்களுக்கு வருகிற விண்ணப்பமெல்லாம் அதில்தான். வேர்டில் இருந்து ஒட்டியபோது எழுத்துருவின் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. போனில் அந்த எழுத்துரு இல்லை, ஆகவே உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. கடைக் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள், நம் ஊரில் அது நல்ல சோதனை இல்லை.

எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்து அனுப்பினால் போனிலும் தெரியும்தானே என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியும், ஆனால் கூகுளில் தேடினால் வராது, கண் தெரியாதவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டாது, பிள்ளைகள் ஒரு வரியை எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் மறுபடி அதே கலவைதான் போகும். வாத்தியார் எழுதியது அவ்வளவு உழைப்பு, அதை யுனிகோடுக்கு மாற்றி வைப்பதுதான் அவருக்கு மரியாதை.

மாற்றுவது கடினமில்லை. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி இருக்கிறது, என்எச்எம் கன்வேட்டர் இருக்கிறது. எதிலும் பாமினி என்று தெரிவு செய்து ஒட்டினால் யுனிகோடு வரும். ஆனால் மாற்றிவிட்டு அப்படியே ஏற்றக்கூடாது. வாத்தியார் இடையில் ஆங்கிலத்தில் ஏதாவது அடித்திருந்தால், தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், துரைமாரின் பெயர், அதெல்லாம் பொருளில்லாத தமிழாக மாறி நிற்கும். மாற்றுவதற்கு முன்னமே அந்த இடங்களைப் பிரித்துக் குறித்து வையுங்கள். கொம்பு, கால் சேரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கொ என்பது கெ, அதற்குப் பின் தனியாக ஒரு கால் என இரண்டாக விழுந்திருந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் தளத்துத் தேடலில் கொழுந்து என்று அடித்தால் அகப்படாது. பிஎச்பியில் நோர்மலைசர் என்று ஒன்று இருக்கிறதாம், இரண்டையும் ஒன்றாக்கிவிடுமாம், அதை ஊவா தம்பி சொல்லட்டும்.

ஒரு வேண்டுகோள். மாற்றிய பிறகு அந்த வாத்தியார் இருந்தால் அவரையே ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். கூத்துச் சொற்கள் சில எங்களுக்குப் பிழை போலத் தெரியும், அவருக்குத்தான் அது சரி என்று தெரியும். நாங்கள் அச்சகத்தில் அப்படித் திருத்தக்கூடாததைத் திருத்திவிட்டு, அச்சடிக்கத் தந்தவர்கள் வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.


ஊவாக்காற்று எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் பாமினியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நோர்மலைசர் பிஎச்பியின் இன்டில் என்ற துணைப்பகுதியில் வருகிறது, கன்ட்ரோல் பேனலில் அதை டிக் செய்தால் போதும். பாட்டைச் சேமிக்கும்போதும், தேடும் சொல்லை எடுக்கும்போதும், இரண்டு இடத்திலும் பாவியுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பிரயோசனமில்லை.

மூன்று பாட்டையும் மறுபடி அடித்துவிடுங்கள் டீச்சர். லத்தீன்1க்குத் திருப்பி, பைனரியாக்கி, மறுபடி யூடிஎஃப்8எம்பி4ஆக மாற்றும் கட்டளை ஒன்று இருக்கிறது. முன்னூறு பாட்டு என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது எந்த வரிகளுக்கு என்று சரியாகக் குறிப்பிடாவிட்டால் நல்ல பாட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மூன்றுக்காக அந்த ஆபத்து வேண்டாம். கையெழுத்துப் பிரதி இருக்கிறதுதானே? இல்லையென்றால் சொல்லுங்கள், சார்செட் வரியைக் கொஞ்ச நேரத்துக்கு எடுத்துவிட்டால் அந்த மூன்றும் பழையபடி தமிழில் தெரியும், பிரதி எடுத்துக்கொண்டு வரியைத் திரும்பப் போடலாம். அந்த நேரத்தில் வேறு யாரும் நிர்வாகப் பக்கத்துக்குள் இருக்கக்கூடாது.


நோர்வூட் டீச்சர் எழுதியது:

கொப்பியில் இருக்கிறது அண்ணே, அடித்துவிட்டேன், இப்போது எல்லாப் பாட்டும் இரண்டு இடத்திலும் தமிழ். வரலாற்றுப் பக்கத்தை மாற்றியில் போட்டு எடுத்திருக்கிறேன், வாத்தியார் மஸ்கெலியாவில் மகள் வீட்டில் இருக்கிறார், அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன். அக்காவுக்கும் கொட்டகலைத் தம்பிக்கும் நன்றி.

பூட்டுப் போட்ட பிறகு மைக் வேலை செய்கிறது. ஆனால் எமன் வேடம் கட்டும் ஐயாவின் போனில் மட்டும் தளம் பாதுகாப்பில்லை என்று சிவப்பாக வருகிறது. பழைய போன். மற்ற எல்லோருக்கும் சரி.


ஊவாக்காற்று எழுதியது:

முதலில் அந்தப் போனின் திகதியைப் பாருங்கள். பற்றரி செத்து, திகதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது என்றுதான் சொல்லும், திகதியைச் சரிசெய்தால் முடிந்தது.

திகதி சரியென்றால் அண்ட்ராய்ட் பதிப்பைப் பாருங்கள். 7.1.1க்கு முந்தியது என்றால் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் அந்தப் போனுக்குத் தெரியாது. முன்பு பழைய போன்களுக்காக ஒரு குறுக்கு ஏற்பாடு இருந்தது, அது 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. இதற்காகத் தளத்தில் பூட்டை எடுக்க வேண்டாம், எடுத்தால் எல்லோருக்கும் மைக் போய்விடும். ஐயாவின் பாட்டை உங்கள் போனில் பதிந்து ஏற்றிவிடுங்கள். அவர் கேட்பதற்கு அந்த எம்பி3ஐ வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அந்தப் போனில் வட்ஸ்அப்பும் ஓடாவிட்டால் மெமரி கார்டில் போட்டுக் கொடுங்கள்.

கம்பம் ஊன்றும் நாளுக்கு முன்னால் தளத்தின் முகவரியை இங்கே போடுங்கள். நாங்கள் மூன்று பேரும் வேறு வேறு போனில் திறந்து பார்த்துச் சொல்கிறோம்.